கரியாலூருக்கு ஒரு டென்ட்

நாளை நாங்கள் மூன்று தோழிகள் கரியாலூர் மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். வாழ்க்கையில் முதல்முறை! இன்று கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் டென்ட் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். நேராகப் பந்தல் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கடைக்காரர் கேட்டார்: "இன்னா விசேஷங்க?"

"விசேஷம்லாம் இல்லண்ணா. தூங்கத்தான்."

"எத்தினி பேரு?"

"மூணு பேர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மூணு பேருக்கு சாமியானாவா? வூட்ல எதுனா சண்டையாம்மா?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. விஷயத்தைச் சொன்னதும் மனிதர் என்னைவிடக் குஷியாகிவிட்டார். "மலையில குளிரு ஜாஸ்திங்க. நாலு பக்கமும் துணி கட்டிடறேன். சீரியல் லைட்டு ஃப்ரீ!"

சரி என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். இப்போது போன் செய்கிறார்: "வாசலுக்கு வாழமரம் கட்டணுமாம்மா?"

கட்டச் சொல்லிவிட்டேன். மலைக் குரங்குகளுக்குப் பத்திரிகை வைக்க யார் வருகிறீர்கள்?