அரண்மனை வாசலும் சுல்தான் பாயும்

ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. "சுல்தான் பாய் மவுத்தாயிட்டாரு அக்கா." அவர் இறந்துபோனார் என்பது மனதில் ஏறுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. என்னால் உட்கார முடியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

இராமநாதபுரம் அரண்மனை வாசலில் கட்சி, சங்கம், கோயில், தர்கா என்று யார் கூட்டம் போட்டாலும் அவருடைய ரேடியோ செட்தான்; மைக், குழாய் ஸ்பீக்கர் எல்லாம். மன்னர் காலத்தில் ஊர்வலங்கள் திரண்ட இடம். பிறகு கொடிகள், கோஷங்கள். இப்போது ஆட்டோவும் பைக்கும் போக மிஞ்சியதுதான் திடல். அந்தக் கொடிகள், கோஷங்கள் அத்தனைக்கும் மைக் கட்டியவர் அவர்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது பாய் ஒரு செட் கடையில் வேலை பார்த்த இளைஞர். தப்பி வந்தவர்கள் அந்தத் திடலில் சொந்தங்களைத் தேடித் தவித்தார்களாம். முதலாளியிடம்கூடக் கேட்காமல் செட்டைக் கொண்டுவந்து, தொண்டை கட்டும்வரை பெயர் பெயராகக் கூப்பிட்டிருக்கிறார். "பாதிப் பேருக்குப் பதிலே வரலை தங்கச்சி. இன்னும் காதுல இரையுது" என்பார்.

நான் அங்கன்வாடி ஊழியர். சங்கத்துக்காக முதன்முதலில் அங்கே மேடையேறியபோது என் குரல் மைக்குக்கே எட்டவில்லை. பாய் வந்து மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார். "நீங்க பேசுங்க. கத்துற வேலையைக் குழாய் பாத்துக்கிரும்."

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தில் வெளியூர்ப் பேச்சாளர் இன்னொரு சாதியாரை இழிவாகப் பேசத் தொடங்கினார். திடலின் மறுபக்கம் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், கைகளில் கல். சட்டென்று மைக் நின்றது.

"யோவ், கரண்டு போச்சா?" என்று மேடையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"இல்ல, நாந்தான் நிப்பாட்டினேன். என் மைக்குல இது போகாது."

கூட்டம் போட்டவர்களே குழாய்களைப் பிடுங்கி உடைத்தார்கள். அவருக்கும் அடி விழுந்தது. ஆனால் பேச்சு அதோடு முடிந்தது. எதிரே நின்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். மறுவாரம் எங்கள் கூட்டத்துக்கு, கையில் கட்டோடு வந்து வயர் இழுத்தார்.

"பயமா இல்லையா பாய்?"

"இருக்கு தங்கச்சி. அதுக்காக இங்கன வராம, வேற எங்கன போறது?"

அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. நான் அரண்மனை வாசலிலேயே நின்றேன். அவரைச் சுமந்த சந்தூக் பெட்டி தோள்களில் வந்தபோது ஆட்டோக்கள் ஒதுங்கின. வளையல் கடைக்காரர் எழுந்து நின்றார். அது திரும்பி மறைவதற்குள் பின்னாலிருந்து பஸ் ஹாரன். கூட்டம் என்னை இடித்துக்கொண்டு நகர்ந்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

போய் வாருங்கள் பாய். உங்களை அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்குத்தான் மனசு அடங்கவில்லை.