அவளுக்கு நான் கற்பித்த ஆங்கிலம்

சனிக்கிழமைதோறும் அம்பிட்டியவிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறுவேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகே ஒரு கடையின் மாடியில், மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஆங்கிலம் கற்பித்தேன். ஏஜென்சிக்காரர் கொடுத்த தாளில் உள்ளதைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். யெஸ் மேடம். சாரி மேடம். ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ.

கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெண் எல்லோரையும்விட வேகமாகப் படித்தாள். கொழுந்து பறித்துக் கறுத்த விரலால் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு வாசிப்பாள். போகுமுன் என் வீட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஹலோ மிஸ். ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ."

"எப்படிம்மா இருக்கே? தமிழ்ல பேசு."

"யெஸ் மேடம்."

என்னை அவள் ஒருநாளும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்தது.

"ஒழுங்கா சாப்பாடு தர்றாங்களா? அடிக்கிறாங்களா?"

"யெஸ் மேடம். சாரி மேடம்."

எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று நான் யோசிப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

ஏஜென்சிக்காரரிடம் போய்ச் சொன்னேன். "அவளே ஃபைன்னு சொல்லிட்டாளே மிஸ், பிறகென்ன?" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். வேறு யாரிடமும் போகவில்லை. அதன்பிறகு வகுப்பில் எல்லோரும் சேர்ந்து 'ஐ ஆம் ஃபைன்' என்று சொல்லும்போது, அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். பாடத்தை நிறுத்திவிட்டு முகம் முகமாகத் தேடுவேன்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து வந்தாள். பாதியாக மெலிந்திருந்தாள். தங்கையையும் வகுப்புக்குக் கூட்டி வந்திருந்தாள். அன்று போனில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அத விடுங்க மிஸ். இவளும் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. மொதல்ல 'முடியாது'ன்னு சொல்ல இவளுக்குக் கத்துக்குடுங்க. எனக்கு அது வாயிலயே வரல."

தாளில் அது இல்லை. கரும்பலகையில் 'நோ' என்று பெரிதாக எழுதினேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தங்கையை எழுப்பிச் சொல்லச் சொன்னேன்.

"நோ மேடம்," என்றாள் தலையைக் குனிந்து, கெஞ்சுவதுபோல.

"மேடம் வேணாம். நோ மட்டும். சத்தமா."

மறுபடி சொன்னாள். கதவருகே நின்ற அக்காவுக்கு அது கேட்கவில்லை.

அடுத்த மாதம் தங்கையும் போய்விட்டாள்.