அடுப்போரப் பெட்டரியும் என் முதல் கெசட்டும்

என் முதல் பாட்டுக் கெசட் வெளிவந்தபோது, தோட்டத்து வேலையாட்களின் பெயர் இருக்கும் செக்ரோலில் என் பெயர் இல்லை. நானே கணக்கப்பிள்ளையிடம் போய், இனி வேலைக்கு வரமாட்டேன், பெயரை வெட்டிவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். "பாட்டுப் பாடியா பொழைக்கப்போற?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆமாம் என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மனைவிக்கு அப்போது ஆறு மாதம். அந்த வயிற்றோடு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறை, லயத்துக் காம்பரா, அவள் வேலையை நம்பித்தான் நின்றது. பிள்ளை பிறப்பதற்குள் அட்டன் டவுனில் ஓர் அறை, அதில் கரண்ட், ஒரு பல்பு. இதுதான் நான் அவளுக்குக் கொடுத்திருந்த வாக்கு. கெசட் ஓடினால் கச்சேரி வரும், கச்சேரி வந்தால் டவுனுக்குப் போகலாம். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மாதா கோயிலில் ஹார்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, கொழும்பில் வேலை செய்த சித்தப்பா மகன் ஒரு வெளிநாட்டு டேப் கொண்டுவந்து கொடுத்தான். அட்டையில் சிவப்புக் கோட்டுப் போட்ட இருவர். தபேலா இல்லை, வயலின் இல்லை, எல்லாமே கீபோர்டும் தாளம் போடும் ஒரு மெஷினும்தான். லயத்தில் கரண்ட் கிடையாது என்பதால் டேப் ரெக்கார்டரைப் பெட்டரியில் ஓட்டினோம். பெட்டரி செத்துக்கொண்டு வந்தால் யாரும் வீசுவதில்லை. அடுப்போரம் வைத்துச் சூடு காட்டி மறுபடி போடுவோம். புதுசு வாங்கக் காசில்லை; இரண்டு வருடம், ரேடியோவில் ஓடி இளைத்த பழைய பெட்டரியில்தான் அந்த டேப்பைக் கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல், ஆடி அசைந்து வரும் தாளம். இவ்வளவு துக்கத்தை உலகத்தில் வேறு எவனும் பாடியதில்லை என்று நினைத்தேன். அதே மாதிரி எட்டுப் பாட்டுக் கட்டினேன்.

கொழும்பு ஸ்டூடியோவில் கீபோர்ட் வாசித்த சிங்கள அண்ணன் முதல் பாட்டிலேயே கையை எடுத்துவிட்டு, தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்று கூப்பிட்டுச் சொன்னார். "மல்லி, இது ரொம்ப ஸ்லோ. கொஞ்சம் ஸ்பீட் பண்ணுவோமா?"

"வேணாங்க. இந்த மியூசிக்கே இப்படித்தான். வெளிநாட்டுக்காரன் இப்படித்தான் போடுறான்" என்றேன். பெரிய வித்துவான்! வராத கீழ்க்குரலைத் தொண்டை கிழிய இழுத்து எட்டுப் பாட்டையும் பாடி முடித்தேன்.

கெசட் வந்த அன்று மனைவி புதுப் பெட்டரி வாங்கிப் போட்டு, லயத்துச் சனத்தையெல்லாம் வாசலுக்குக் கூப்பிட்டாள். மூன்றாவது பாட்டில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பக்கத்துக் காம்பரா அண்ணன் மட்டும் கடைசிவரை இருந்து, "ஏசு செத்த பெரிய வெள்ளிக்கு வச்சிருக்கலாம் தம்பி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை.

ராகலைக் கடையிலும் நோர்வூட் கடையிலும் ஒரு கெசட்கூட விற்கவில்லை என்று தெரிந்தது. கடைசி நம்பிக்கையாக அட்டன் கெசட் கடைக்குப் போனேன். நான் கொடுத்த கட்டு, கட்டிய நூல்கூட அவிழாமல் மூலையில் கிடந்தது. கடைக்குள் துள்ளலாக ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கால் தானாகத் தாளம் போட்ட பிறகுதான் அந்த மெட்டு எனக்குத் தெரிந்த மெட்டு என்று உறைத்தது.

"இது யாரு பாட்டுங்க முதலாளி?"

அவர் அட்டையை எடுத்து நீட்டினார். சிவப்புக் கோட்டுப் போட்ட அதே இருவர்.

பாடியது கனத்த குரலே இல்லை. மெல்லிய, விளையாட்டுத்தனமான ஒரு பையன் குரல். கலியாண வீட்டில் ஆடுவதற்குப் போட்ட பாட்டு அது. தமிழ்ப் பாட்டு இப்படி இழுத்திருந்தால் உடனே பிடித்திருப்பேன், ரேடியோவில் கேட்டுப் பழகிய குரல்கள். இவன் குரலை நான் வேறு எங்கே கேட்டேன்? சாகப்போகிற பெட்டரியில் மெதுவாகச் சுற்றிய டேப்பை நம்பி வேலையை விட்டிருக்கிறேன். கட்டைத் திருப்பிக்கூட வாங்காமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம், ஏதாவது ஒரு வளைவில் இந்த பஸ் உருண்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மனைவி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டரி நான்கும் அடுப்போரம் சூடாகிக்கொண்டிருந்தன. என் கெசட்டை இன்னொரு தடவை கேட்பதற்காம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"லயத்துல கரண்டு இருந்திருந்தா ஒங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமாங்க?"

"தெரிஞ்சிருக்கும் புள்ள."

அவள் பெட்டரிகளை ஒவ்வொன்றாக அடுப்போரத்திலிருந்து எடுத்தாள்.

"அந்தக் கரண்டுக்குத்தானேங்க நீங்க கெசட்டே போட்டீங்க."

மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மகள் அந்தக் காம்பராவில்தான் பிறந்தாள், குப்பி விளக்கு வெளிச்சத்தில்.