காட்டெருமைக்கு நானே சாட்சி

ஈஸ்டருக்கு மறுநாள் கீழ் கோத்தகிரிமீது படையெடுத்தேன். காரணம், என் தங்கை கணவர் சாமுவேல். தேயிலை ஃபேக்டரியில் வேலை. இரண்டு வருடமாகச் சர்ச் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. "இயேசு உயிரோட எந்திரிச்சதப் பாத்தோம்னு சொன்னவங்க கதை கட்டலைன்னு எப்படி நம்பறதுங்க மச்சான்?" என்பார். தங்கை கெஞ்சியதால், அன்றைய ஜெபக்கூட்டத்துக்குக் கடைசியாக ஒருமுறை வரச் சம்மதித்திருந்தார். அவரை மீட்க மனுக்குலமே என்னை அழைத்தது. சரி, தங்கை போன் செய்தாள்.

கோத்தகிரியில் பகல் 2.10க்குப் பேருந்து. டிக்கெட் இருபது ரூபாய், தூரம் பதினைந்து கிலோமீட்டர். வளைவுகளை நிமிர்த்தினால் இமயமலை எட்டும். பாதி வழியில் தேயிலைச் சரிவிலிருந்து ஒரு காட்டெருமை இறங்கிச் சாலையை மறித்து நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். "சத்தம் போடாதீங்க, அதுவா போயிருமுங்க." பதினைந்து நிமிடத்தில் போயிற்று.

மாலை ஆறுக்குக் கூட்டம். வெளியூர்க்காரர் வந்தால் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும், அதாவது கடவுள் தனக்குச் செய்ததைச் சபைமுன் சொல்ல வேண்டும். விடுவேனா? நாற்பது காட்டெருமைகள், ஒவ்வொன்றும் பேருந்து உயரம், நான் இறங்கிக் கைநீட்டி ஜெபித்ததும் செங்கடலாகப் பிளந்து வழிவிட்டன என்றேன்.

கொழுந்து பறிக்கும் ரோஸ்மேரி எழுந்தார். பேருந்தில் எனக்குப் பின்சீட்டு.

"ஏனுங்கண்ணா, ஒண்ணுதானுங்களே வந்துச்சு? நீங்க சீட்டுக்கடியில என்ற கூடையக் கட்டிப் புடிச்சுட்டு இருந்தீங்க!"

சபை சிரித்த சிரிப்பில் கூரைத் தகடு மேட்டுப்பாளையத்தில் போய் விழுந்திருக்கும். சாமுவேல் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "பாத்தீங்களா மச்சான், சாட்சிங்க லட்சணம் இதானுங்க" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாப்பிள்ளை, அளந்து விடறதுல எனக்கு நாப்பது வருஷ சர்வீஸ். ஒரு கதையிலயாவது நான் பயந்து ஓடியிருக்கேனா? அந்தச் சீஷருங்களப் பாருங்க. இயேசுவப் புடிச்சப்ப விட்டுட்டு ஓடுனோம், எங்கள்ல மூத்தவரு பேதுருவே அவரத் தெரியாதுன்னு சொன்னாரு, கல்லறை காலின்னு பொம்பளைங்க சொன்னப்ப நம்பல... எல்லாத்தையும் சொல்லி வெச்சிருக்காங்க. கதை கட்டறவன் தன்னை இப்படிக் காட்டிக் குடுக்க மாட்டானுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப, சீட்டுக்கடியில இருந்தது?"

"நெசந்தான்."

"நீங்க சொன்னதுல இதத்தானுங்க மொதல்ல நம்பறேன்."

போக நினைப்பவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம். திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காட்டெருமை நின்றால் இறங்காதீர்கள், படமெடுக்காதீர்கள், ஜெபத்தை உட்கார்ந்தே செய்யலாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். சாமுவேல் வேலைக்குப் போகுமுன் அடுப்பருகே பைபிளைத் திறந்து, பேதுரு மறுதலித்த பக்கத்தில் விரல் வைத்திருந்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது. மனம் மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்தது அவ்வளவுதான்.