நடு தெரியாத படம்

பாக்கியரத்தினத்துக்குக் கடலைப் பார்ப்பதுதான் வேலை. சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிற முப்பது பேருக்கும் அவருடைய கண்தான் முன்னால் போகும். காலையில் பாறையில் ஏறி நிற்பார். தண்ணீருக்குள் சூடை மீன் கூட்டம் நிழலாக நகர்வதைக் கண்டதும் தோளில் கிடக்கும் துவாயைச் சுழற்றுவார். துவாய் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாகத் தோணி வலையைப் போட்டுக்கொண்டு வளைந்து போகும். இருபத்தாறு வருடமாக வேலை நேரத்தில் அந்தப் பாறையில் வேறொருவர் ஏறியதில்லை.

மாசி மாதத்திலிருந்து அவர் எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. கண்ணைக் கசக்கினாலும் போகவில்லை. ஆளைப் பார்த்தால் முகம் இருக்காது, காது இருக்கும். கழுத்தைச் சற்றுத் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டார்; பாறையில் நிற்கும்போது முகம் கரையிலுள்ள அம்மன் கோயில் பக்கம் திரும்பியிருக்கும். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பாறையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

“மீனைப் பாக்கச் சொன்னால் அண்ணை கோயிலைப் பாக்கிறார். அம்மாளிட்டைக் கேட்டுத்தான் சொல்லுறார் போல,” என்று தோணியை நடத்துகிற சஞ்சீவன் பகிடி பண்ணுவான். எல்லோரும் சிரிப்பார்கள். பாக்கியரத்தினமும் சேர்ந்து சிரிப்பார்.

போன வியாழக்கிழமை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் வட்டமடித்து, விழுந்து எழும்பின. கீழே மீன் நிற்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. துவாயைச் சுழற்றினார். அந்த வட்டத்தின் நடுவில், கடலடியில் மீன்கூடு இறக்கிய யாரோ அடையாளத்துக்குக் கட்டிவிட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் கலன் மிதந்துகொண்டிருந்தது. தோணியில் இருந்தவர்கள் பார்க்கவில்லை. பாறையில் நிற்கிறவர் பார்த்திருப்பார் என்று துடுப்பைப் போடுவதுதான் அங்கே வழக்கம். வலை கலனின் கயிற்றில் சிக்கிக் கிழிந்தது.

“வெயில் கண்ணிலை அடிச்சிட்டுது,” என்றார். நம்பினார்கள். அவர்கள் நம்பியதுதான் அவரை உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகள் தர்சிகா மேசை நிறையப் படங்களைப் பரப்பி வைத்திருந்தாள். நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கண்காட்சிக்குக் கருந்துளையைப் பற்றி ஒரு பலகை செய்யவேண்டியிருந்தது.

“அது ஓட்டையே பிள்ளை?”

“ஓட்டை இல்லை அப்பா. கணக்கில்லாத பாரம் சின்ன இடத்துக்குள்ளை இறுகிக் கிடக்கு. வலு கிட்டப் போனால் ஒண்டையும் விடாது. வெளிச்சத்தையும் விடாது.”

“வெளிச்சம் வராட்டி எப்பிடிப் பாக்கிறது?”

“அதைப் பாக்க ஏலாது. நட்சத்திரங்கள் ஒண்டுமே தெரியாத இடத்தைச் சுத்திச் சுத்தி ஓடுறதைப் பாத்துத்தான், அங்கை ஏதோ இருக்கெண்டு பிடிச்சவை.”

“ஆலா சுத்துற மாதிரி.”

“ஓம், அப்பிடித்தான்.” அவள் சிரித்தாள். “பிறகு, அதைச் சுத்துற வாயு சூடேறி மினுங்குறதை, உலகத்திலை எட்டு ரேடியோத் தொலைநோக்கியளை ஒண்டாச் சேர்த்துப் படம் எடுத்தவை. நிறம் பிறகு பூசினது. வளையம்தான் வெளிச்சம். நடுவிலை இருக்கிற இருட்டு அதின்ரை நிழல்.”

இரண்டு படங்களைத் தூக்கிப் பிடித்தாள். “மேலை எதை ஒட்டட்டும்? கருந்துளையையோ, சூரியனையோ?”

கதையில் ஊறிப்போயிருந்தவர் கழுத்தைத் திருப்ப மறந்து நேரே பார்த்தார்.

“ரெண்டும் ஒண்டுதானே. ரெண்டிலையும் நடு கறுப்பு.”

தர்சிகா சூரியன் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். முழுக்க மஞ்சள். நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை.

“எப்ப இருந்து அப்பா?”

அவர் கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். “மாசியிலை இருந்து.”

“வியாழக்கிழமை வலை?”

“ஓம்.”

“புதன்கிழமை கண் கிளினிக். வாறீங்கள்.”

“வாறன். ஆனால் அவங்களுக்குச் சொல்லிப்போடாதை. பாறை போயிடும்.”

“இந்தப் படத்தை எடுத்தவை உள்ளுக்கையும் கண்டம் எண்டு சொல்லேல்லை. இவ்வளவு தெரியுது, இதுக்கு அங்காலை தெரியேல்லை எண்டுதான் சொன்னவை.”

“அவைக்கு வலை கிழியாதுதானே,” என்றார் பாக்கியரத்தினம்.

அவள் பசையை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஆலாக்கள் வந்தன. துவாய் கையில் இருந்தது. அவர் சுழற்றவில்லை. கீழே வலையை ஏற்றிய தோணி ஆடிக்கொண்டு நின்றது.

“என்ன அண்ணை, அம்மாள் இன்னும் சொல்லேல்லையோ?” என்று சஞ்சீவன் கத்தினான்.

“மீன் நிக்குது!” பாக்கியரத்தினமும் கத்தித்தான் சொன்னார். “சுத்திவரத் தெரியுது. நடு எனக்குத் தெரியேல்லை. கனநாளாத் தெரியேல்லை. வியாழக்கிழமையும் தெரியேல்லை. நீ எழும்பி நிண்டு பார்.”

கரையில் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் காறித் துப்பினார். சஞ்சீவன் தோணியின் முன்முனையான அணியத்தில் ஏறி, நெற்றியில் கையை வைத்து, நிதானமாகப் பார்த்தான்.

“நடுவிலை ஒண்டுமில்லை அண்ணை,” என்றான். “எந்தப் பக்கத்தாலை வளைக்கிறது?”

பாக்கியரத்தினம் கழுத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தார். துவாயைச் சுழற்றி வடக்கே சாய்த்தார்.