பிழையில்லாத நோட்டு

இண்டைக்குத் திருகோணமலை மீன் சந்தையில புது ரெண்டாயிரம் ரூபாய் நோட்டை நீட்டினன். மூதூர்ல இருந்து வந்து மீன் விக்கிற முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா எண்டு கூப்பிடுறவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், இது கள்ள நோட்டு."

"எப்பிடிச் சொல்லுறீங்க?"

"தமிழ்ல ஒரு பிழையும் இல்லையே! அரசாங்கம் எழுதினா ஒரு கொம்பாவது விடுபட்டிருக்குமே?"

இருபது வருசமா அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி, பெயர்ப்பலகையில இருக்கிற பிழையான தமிழைத் திருத்தச் சொல்லிச் சண்டை பிடிக்கிறவள் நான். சரியா எழுதின தமிழுக்காக வாதாடினது இண்டைக்குத்தான் முதல்தரம்!

நோட்டை வெயிலுக்குப் பிடிச்சு, உள்ளுக்குள்ள தெரியிற படத்தைக் காட்டினன்.

நானா சிரிச்சிட்டார். "ஓம், நம்பலாம். மத்திய வங்கியிலயும் உங்களை மாதிரி ஒரு டீச்சர் இருக்கிறா போல."

பாரைமீனைத் தூக்கிக்கொண்டு ராணி மாதிரி வந்தனான்.

உங்கட ஊரில பிழையில்லாத அரசாங்கப் பலகை இருந்தா படம் போடுங்கோ. கள்ளப் பலகையோ எண்டு பார்ப்பம்.