பத்து விநாடி வரிசையில் அம்மா

டோக்கியோவில் என் வேலை, மனிதர்களின் தோளில் உள்ளங்கையை வைத்து அவர்களை ஒரு பெண்ணின் முன்னாலிருந்து அகற்றுவது. அந்தப் பெண் பாடகி, நடிகை. ஒவ்வொரு புதிய பாட்டுத்தட்டு வரும்போதும் ஒரு மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் நின்று ரசிகர்களுக்குக் கை கொடுப்பார். தட்டுக்குள் ஒரு சீட்டு இருக்கும். ஒரு சீட்டுக்குப் பத்து விநாடி. சிலர் இருபது தட்டு வாங்கி இருபது முறை வரிசையில் சுற்றி வருவார்கள். நான் பக்கத்தில் நிறுத்துக் கடிகாரத்தோடு நிற்பேன். எட்டாவது விநாடியில் என் கை ரசிகரின் தோளில் படவேண்டும். பத்தாவது விநாடியில் அவர் போயிருக்கவேண்டும். தள்ளக்கூடாது, இழுக்கக்கூடாது, சிரித்தபடி "நேரமாகிவிட்டது" என்று சொல்லவேண்டும். இந்த வேலைக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹகாஷி'. புட்டியில் ஒட்டிய தாளைக் கிழியாமல் உரிப்பது என்று பொருள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள் நான், கல்லூரி முடித்தவளும் நான், இயற்பியலில் முதுகலை வாங்கியவளும் நான். ஆள் உரிக்கிறேன்.

இதைச் செஞ்சியில் இருக்கும் அம்மாவுக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவள் தெரு முழுக்க 'எம் பொண்ணு சப்பான் நடிகைக்கு மேனேஜரு' என்று சொல்லி வைத்திருந்தாள்.

"மேனேஜர் இல்லம்மா. வரிசைய பாத்துக்கறேன்."

"இன்னா வரிச? ரேஷன் கடை மாதிரியா?"

"அப்படித்தான்னு வெச்சிக்கயேன்."

"அப்ப அரிசி போடறவன்தான பெரிய ஆளு. மேனேஜருன்னே சொல்றேன் வுடு."

வெளிநாட்டில் இருக்கும் என் போன்றவர்களுக்கு இது புரியும். நாம் இங்கே என்னவாக இருக்கிறோமோ அதை ஊர் ஒருபோதும் நம்பாது. ஊர் நம்புவதை நாம் இங்கே ஒருபோதும் அடையவும் மாட்டோம்.

பாடகியின் பெயரை எழுத என் ஒப்பந்தம் இடம் தராது. சாயோ என்று வைத்துக்கொள்கிறேன். வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் குடல் எடுக்கும் வேலை பார்த்தார். பதிமூன்று வயதில் குரல் தேர்வில் தேறி, பதினாறு பெண்கள் கொண்ட குழுவில் சேர்ந்து, விடுதிக்குப் போனார். நான்கு ஆண்டுகள் மூன்றாம் வரிசையில் கடைசி இடம். யாருடைய கைகுலுக்கும் வரிசை நீளமோ அவரே மேடையில் முன்னால் நிற்கலாம் என்பது விதி. சாயோ எல்லா ரசிகர்களின் பெயரையும் மனப்பாடம் செய்து, இரண்டு கைகளாலும் பிடித்து, முன்வரிசைக்கு வந்தார். காதல் கூடாது என்பது இன்னொரு விதி. ஓர் ஆணோடு ஒரே குடையில் நடந்தது வாரப் பத்திரிகையில் வந்தபோது, ரசிகர்களிடம் கையால் எழுதி மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். மழைக்குக் குடை பிடித்ததற்கு மன்னிப்பு. குழுவை விட்டு வெளியே வந்தபின் தனியாகப் பாடினார், இரண்டு பாட்டு எடுபட்டது. பிறகு நடிப்பு. துப்பறியும் நாடகங்களில் முதல் காட்சியிலேயே பிணமாகக் கிடப்பது அவர் பாத்திரம். ஆறேழு முறை அப்படிச் செத்தார். கடைசியில் தொலைக்காட்சியில் காலைநேரத் தொடர் ஒன்றில் மீனவனின் விதவையாக வந்தார். அதில் அவர் மீன் அறுத்த வேகத்தைப் பார்த்துத்தான் நாடே திரும்பிப் பார்த்தது. இப்போது வயது முப்பத்தாறு. விருதெல்லாம் வாங்கிவிட்டார். இன்னமும் பத்து விநாடி கை கொடுக்கிறார். ஏன் என்று நிறுவனத்தில் கேட்டேன். "அதுதானே அவர்" என்றார்கள். ஜப்பானில் எரிச்சலூட்டும் கேள்விகளுக்கெல்லாம் இப்படி மரியாதையான ஒரு சுவர் இருக்கிறது.

செஞ்சிக்கு அவர் வந்தது என் வாயால்தான். அவர் ஊர் ஊராகப் போகும் ஒரு பயணத் தொடர் உண்டு. ஒவ்வொரு ஊரிலும் கடைசிக் காட்சியில் முப்பது உள்ளூர்க்காரர்களுக்குக் கை கொடுப்பார். ஒருநாள் என் கைப்பேசி முகப்பில் இருந்த ராஜகிரி மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு, எங்கள் மேலாளர் குரோதா-சான் இது எங்கே என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் ஊர் என்று பெருமையாகச் சொன்னேன். மூன்று மாதத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. மொழிபெயர்ப்பும் நான், வரிசையும் நான், உள்ளூர் ஏற்பாடும் நான். "இந்தப் பயணத்தில் தவறு நேராவிட்டால் உங்களை நிரந்தரமாக்குகிறோம்" என்றார் குரோதா-சான். நேர்ந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. என் விசா மார்ச்சில் முடிவதாக இருந்தது, இருவருக்கும் தெரியும்.

முப்பது பேர் பட்டியல் என்ற ஒன்று என்னைப் படுத்திய பாட்டைத் தனிப் புத்தகமாக எழுதலாம். நைனாவோடு நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், நான் படித்த பள்ளிக்கூடத்து ஆசிரியைகள், வார்டு உறுப்பினர், அவருடைய மச்சான். எல்லோருக்கும் இடம் வேண்டும். எல்லோருக்கும் சாயோ சைனாக்காரி. "சைனா இல்லீங்க, ஜப்பான்." "எல்லாம் ஒண்ணுதானம்மா, கண்ணு சின்னதாத்தான இருக்குது" என்றார் வார்டு உறுப்பினர். அதைச் சாயோவுக்கு மொழிபெயர்க்காமல் விட்டேன். அதற்கு மேல் அமாவாசை அன்று படப்பிடிப்பு வைத்துவிட்டார்கள். பேருந்தெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டது, பட்டியலில் பாதிப் பேர் ஆட்டோ கேட்டார்கள்.

பட்டியலில் மூன்றாவதாக அம்மாவின் பெயரை எழுதினேன். நான்காவதாக பெரிய வீட்டம்மாவின் பெயர். இருபது ஆண்டுக்கு மேலாக அம்மா அவர்கள் நிலத்துக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிறாள், களை எடுக்கப் போகிறாள். நான் ஆறு வயதில் அவளோடு போய், தாகம் என்று அந்த வீட்டுப் பின்வாசலில் நின்றிருக்கிறேன். அந்த அம்மா சொம்பை ஒரு முழ உயரத்தில் தூக்கிப் பிடித்து ஊற்றுவார். நாங்கள் இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்துக் குடிப்போம். சொம்பு எங்கள் மேல் படாது. நல்ல மனுஷிதான், தண்ணீர் இல்லை என்று சொன்னதே இல்லை. முழங்கை வழியாக வழிந்த அந்தத் தண்ணீர் எனக்கு மறக்கவே இல்லை. எனவே யோசித்துத்தான் எழுதினேன்: சாயோவின் கையை முதலில் என் அம்மா தொடுவாள், அடுத்து அதே கையைப் பெரிய வீட்டம்மா தொட்டாகவேண்டும். சின்னத்தனம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரு சிக்கல் இருந்தது. பணியாளரின் குடும்பத்தினர் வரிசையில் நிற்கக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. பூங்காவனம், விவசாயத் தொழிலாளி என்று மட்டும் எழுதினேன். அம்மாவிடமும் சொல்லி வைத்தேன். "என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

"பெத்ததையே தெரியாதுன்னு சொல்லணுமா? நல்லா இருக்குது உங்க ஆபீஸு."

காலை ஒன்பது மணி. கோட்டைக்குள் கல்யாண மகால் எதிரே புல்வெளியில் மேசை போட்டிருந்தோம். கேமராவுக்கு அனுமதி பதினொரு மணி வரைதான். கை கொடுக்கும் முன்னும் பின்னும் இரண்டு பேர் கையிலும் கிருமிநாசினி அடிக்கவேண்டும். டோக்கியோவில் எல்லோருக்கும் அடிப்போம், அமைச்சர் வந்தாலும் அடிப்போம், ஒருவரும் எதுவும் நினைப்பதில்லை. ஆள் குறைவு என்று அந்த வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. இங்கே அந்தக் குப்பியைப் பிடித்தபோதுதான் யோசித்தேன், நான் யார் கையில் எதை அடிக்கப்போகிறேன் என்று.

கேமரா எல்லாம் சரிசெய்து பத்தரைக்கு வரிசை நகரத் தொடங்கியதும் பெரிய வீட்டம்மா முன்னால் பார்த்து, "இன்னாடி பூங்காவனம், நீயும் வந்துட்டியா" என்றார். அம்மா உடனே பக்கவாட்டில் ஒதுங்கி, "நீங்க முன்னால போங்கம்மா" என்றாள். நான் பட்டியலை எடுத்துக் காட்டி, "மூணாவது பூங்காவனம்தான், அப்படியே வாங்க" என்றேன். அம்மா என்னை முறைத்தாள். "வெயில்ல நிக்கறாங்கம்மா அவங்க, பிரஷர் இருக்குது" என்று சொல்லி அவரை முன்னால் விட்டுவிட்டாள். என் ஒரு மாதத் திட்டம் போயிற்று. இந்த மனுஷியை வைத்துக்கொண்டு ஒரு பழியைக்கூட ஒழுங்காகத் தீர்க்க முடியாது.

பெரிய வீட்டம்மா கை கொடுத்து, படம் எடுக்க முடியாதா என்று கேட்டு, பத்து விநாடியில் உரிக்கப்பட்டார். அடுத்து அம்மா. கையை நீட்டச் சொன்னேன். பழக்கத்தில் இரண்டு கையையும் குவித்தாள். குப்பியைத் தூக்கி அந்தக் குழிக்குள் அடித்தேன். அம்மா, "ஜில்லுன்னு இருக்குது, இன்னுங் கொஞ்சம் அடி" என்றாள்.

சாயோ இரண்டு கையையும் நீட்டினார். அம்மா தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "மல்லாட்ட புடுங்கற கை, காச்சிக் கிடக்குது" என்றாள். தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நினைத்த சாயோ, உடனே இடுப்பு மடிய வணங்கி மன்னிப்புக் கேட்டார். சாயோ எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எதற்கென்று தெரியாமலே சாயோவும் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து விநாடி இதில் போயிற்று. பிறகு சாயோவே முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். அம்மா அவரை உற்றுப் பார்த்து, "உங்கம்மா இருக்குதாம்மா?" என்றாள். நான் அதை ஜப்பானிய மொழியில் சொன்னேன். சாயோ வாயைத் திறந்தார்.

எட்டாவது விநாடி. என் உள்ளங்கை அம்மாவின் தோளில் இருந்தது. நான் வைத்ததாக நினைவில்லை. நான்கு ஆண்டுப் பழக்கம் வைத்தது. "நேரமாயிடுச்சிங்க" என்றேன், சிரித்தபடி. அம்மா சட்டென்று கையை விட்டுவிட்டு, "ந்தா, போறேன்மா" என்று குனிந்து விலகினாள். அந்தக் குரலை நான் ஒரே ஒரு பின்வாசலில்தான் கேட்டிருக்கிறேன். குரோதா-சான் தூரத்திலிருந்து எனக்குத் தலையசைத்தார். நேரம் துல்லியம் என்று பொருள்.

அதோடு போயிருப்பாள் என்று நினைத்தேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது முடிந்து நிமிர்ந்தால், முப்பத்தொன்றாவதாக அம்மா நிற்கிறாள்.

"ஒரு தபாதான்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் கேட்டதுக்கு அது இன்னா சொல்லிச்சி? அதுக்குள்ள தள்ளிட்ட. வரிசைலதான வரேன்."

மணி பத்து ஐம்பது. குரோதா-சான் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அனுப்பிவிடு என்று கையால் காட்டினார். அதற்குள் சாயோ கைகளை நீட்டிவிட்டார். கேமராக்காரர் கருவியை இறக்கிக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் கையில் மறுபடி மருந்தடித்து, அவள் கேள்வியை ஜப்பானிய மொழியில் திரும்பச் சொல்லி, கடிகாரத்தை அழுத்தினேன்.

"இருந்தார்" என்றார் சாயோ. "எனக்குப் பதினேழு வயதில், நான் விடுதியில் இருந்தபோது, சீட்டு வாங்கி வரிசையில் வந்தார். குடும்பத்தினர் வரக்கூடாது என்பது விதி. அதனால் நான் அவரைத் தெரியாததுபோல, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். அவரும் ஊர்ப் பெயரைச் சொன்னார். பிறகு போய்விட்டார். அடுத்த ஆண்டு இறந்தார்."

நான்கு ஆண்டுகளில் அவர் இதை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. ரசிகரிடம் வானிலை பேசுவதுபோல, சிரிப்போடு, இரண்டு கையாலும் பிடித்தபடி சொன்னார். அதை அப்படியே தமிழில் சொன்னேன். பத்து விநாடி எப்போதோ கடந்திருந்தது. கடிகாரத்தை நான் பார்க்கவில்லை.

அம்மா சாயோவின் கையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "போய்ட்டாங்கன்னு சொல்லுதே, தானாவா போனாங்க? தள்ளித்தான வுட்டிருப்பாங்க?" என்றாள். நான் இதை மொழிபெயர்க்கவில்லை. "உன்ன மாதிரி ஒரு பொண்ணு அங்கியும் நின்னிருக்கும்" என்றாள், என்னைப் பார்த்து. அதில் கோபம் இல்லை. ஒரு விவரத்தைச் சரிபார்த்துக்கொள்வதுபோலத்தான் இருந்தது.

அப்புறம் சாயோவின் கையை விட்டுவிட்டு, குப்பியை என்னிடமிருந்து வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்தாள். அத்தனை பேருக்கும் முன்னால். இந்த நான்கு ஆண்டில் அந்த வரிசையில் வந்த ஒருவரும் என்னைத் தொட்டதில்லை. தொடுகிற வேலை என்னுடையது மட்டும். காய்ப்பு ஏறிய அவள் விரல்கள் இன்னும் ஈரமாக, மருந்து நாற்றத்தோடு இருந்தன. "எளச்சிட்ட" என்றாள். சாயோ எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குரோதா-சானும் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. பட்டியலில் நான் எழுதிய பொய் அதற்கு மேல் நிற்காது. மார்ச் மாதம் என் கண் முன்னால் வந்து போனது. கையை விடு என்று அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் தோளில் ஓர் உள்ளங்கை விழுந்தது. தள்ளவில்லை, இழுக்கவில்லை. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் குரோதா-சான். அவர் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்யும். "நேரமாகிவிட்டது" என்றார், சிரித்தபடி. அந்தச் சிரிப்பு எனக்கு மன்னிப்பா, வெறும் விதியா என்று இன்றுவரை தெரியாது. நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம் பிறகு வந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் என்னை நகர்த்தியது வண்டி நின்ற பக்கம். அம்மா தானாகவே நகர்ந்தது கோட்டை வாசல் பக்கம், அவளுக்கு அந்தப் பக்கம்தான் ஆட்டோ. கையில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்தபின்தான் நிறுத்தினேன்.